உப்புக் குவியலில் கொக்கு

கிண்ணியா
2025.07.21

அன்புத் தங்கச்சி பல்கீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, கடைசிவரை வாசி. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்கமாட்டோம் என்கின்றன. முப்பது வருஷம் ஆட்களை ஏற்றிப்போகிற மூதூர் லாஞ்சில் கயிறு பிடித்த கை, பேனாவையும் கயிறு மாதிரி இறுக்குகிறது. இரண்டு பேனாவின் முனை நசிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தொடங்கிய கடிதம் இது. இன்று திங்கள்.

ஓம், நானேதான் எழுதுகிறேன். வாசிகசாலை மாடியில் நஸ்ரியா டீச்சர் வயதானவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார். போன செப்டெம்பரில் சேர்ந்தேன். அறுபத்தெட்டு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மகள் றுமானாவிடம்கூட, வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன். “பேப்பர்ல உங்களுக்கு என்ன வாப்பா விளங்கும்?” என்று கேட்டாள். “படம் விளங்கும்” என்றேன்.

நேற்று மச்சானுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதியிருப்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். உன் புருஷன் ஜனாஸாவுக்கு நான் வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் மகள் பஸ்மியாவின் கல்யாணப் பேச்சில் என்னைக் கேட்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு போனவன், மையித்தையும் பார்க்க வரவில்லை என்று.

வந்தேன் பல்கீஸ். தோப்பூர் பஸ் எப்போதும் வேப்பமரத்தடியில் நிற்கும். அன்று அந்த இடத்தில் நின்ற பஸ்ஸில் ஏறினேன். முன்னால் போர்டு இருந்தது. எனக்கு அப்போதே கொஞ்சம் வாசிக்கத் தெரியும். ஆனாலும் என் கண்ணை நம்பாமல் மரத்தை நம்பிவிட்டேன். அழுதுகொண்டிருந்ததால் வெளியேயும் பார்க்கவில்லை. கந்தளாய்க் குளத்தைக் கண்டபிறகுதான் கண்டக்டரிடம் கேட்டேன். “தோப்பூரா? பெரியவர், நீங்க மற்றப் பக்கத்துக்கு வந்திட்டீங்களே!” என்றான். திரும்பி வந்து சேர பின்னேர அஸர் தொழுகையும் அடக்கமும் முடிந்துவிட்டன. நேரே மையவாடிக்குப் போனேன். ஈர மண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உன் வாசலுக்கு வராமலே திரும்பிவிட்டேன். பஸ் மாறி ஏறினேன் என்று சொல்வதைவிட, கோபத்தில் வரவில்லை என்று நீ நினைப்பது மேல் என்று பட்டது.

இதைப் போனில் சொல்ல ஏலாது. உங்கள் வீட்டுப் போன் மருமகன் ஹஸ்மியின் கையில். அவர் அதை மேசையில் வைத்து முழு வீட்டுக்கும் கேட்கவிடுவார்.

பதில் எழுது. எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை.

உன் காக்கா
லாபிர்


தோப்பூர்
2025.07.29

காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

யாரையோ வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். வேறு யாரும் எழுதியிருந்தால் கந்தளாய்க் கதையை அழகாக விட்டிருப்பார்கள். இது நீங்கள்தான்.

நாற்பத்தெட்டு நாளாக உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை உடுத்து இந்த அறைக்குள் இருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? விடிந்ததும் உங்களைத் திட்டத் தொடங்குவேன், நடுப்பகல் லுஹர் வரைக்கும் போகும். இப்போது அதையும் பறித்துவிட்டீர்கள்.

என் இத்தா முடிய ஒக்டோபர் நடுப்பகுதி ஆகும். புருஷன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மாமி கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு காவல் இருக்கிறா. ஒரே மகனை மண்ணில் வைத்த மனுஷி, அவவுக்கும் ஒரு வேலை வேண்டும். கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிறது. யன்னலைத் திறக்க விடுவதில்லை, றோட்டில் ஆண்கள் போகிறார்களாம்.

கிளினிக் மிட்வைஃப் இரண்டு தரம் வந்தா. மாமி முற்றத்திலேயே வைத்து, “அவ இத்தாவில இரிக்கா. ஒக்டோபர் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டா. எனக்கு ஜூன் பத்தொன்பதில் ஒரு நாள் தந்திருந்தார்கள். அவர் மௌத்தாகி எட்டாம் நாள் அது. போகவில்லை.

இது உங்களுக்குச் சொல்கிற விஷயம் இல்லை. ஏன் எழுதினேன் என்றும் தெரியவில்லை. பேனாவால் எழுதிவிட்டேன், இனி அழிக்க ஏலாது.

பஸ்மியாவுக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. துஆ செய்யுங்கள்.

பல்கீஸ்


கிண்ணியா
2025.08.04

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசிக்க இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் ஒரு பக்கம், மறு நாள் மற்றப் பக்கம். வாசித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். இரண்டாம் தரம் ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது! இப்போது எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பிஸ்கட் பெட்டி, மருந்துப் போத்தல், பள்ளிவாசல் அறிவித்தல், தேர்தல் நோட்டீசு. இந்த ஊர் இவ்வளவு கதைக்கிற ஊர் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நீ சொல்லாமல் விட்ட இடத்தையும் வாசித்தேன். சொல்கிற விஷயம் இல்லை என்றால், ஒரு மிட்வைஃப் இந்த வெயிலில் இரண்டு தரம் தோப்பூர் றோட்டில் ஸ்கூட்டி ஓட்டி வருவாளா?

நான் உன் காக்கா. முகத்துக்கு முன்னால் கேட்டால் இரண்டு பேருக்கும் தலை குனியும். தாளில் முகம் இல்லை. எழுது. பிழை வந்தால் வெட்டிவிட்டு எழுது, நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

லாபிர்


தோப்பூர்
2025.08.09

காக்காவுக்கு,

நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஏப்ரலில் குளிக்கும்போது வலப்பக்க நெஞ்சில் ஒன்று கையில் பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. கிளினிக்கில் காட்டினேன். படம் எடுக்க அனுப்பினார்கள். அந்த மெஷினைப் பற்றி எழுதமாட்டேன். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து நசிக்கிறது, அவ்வளவுதான். அவர்தான் கூட்டிக்கொண்டு போனார், வெளியே நின்றார். ரிப்போர்ட் வந்ததும் வாங்கி மேலே இருந்த இரண்டு வரியை வாசித்தார். “ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். புற்றுநோய் தெரியல எண்டு போட்டிரிக்கு” என்றார். மடித்து அலுமாரியில் வைத்தார். பிறகு ஏன் ஸ்கானுக்கும் ஒரு நாள் தந்தார்கள் என்று கேட்டேன். “அது அவங்கட வழக்கம்” என்றார். எனக்கு இங்கிலீஷ் வாசித்துச் சொல்கிறவர் அவர்தானே. ஒரு மாதத்தில் அவரே போய்விட்டார்.

கட்டி இருந்த இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் பெருத்ததா, என் கைதான் அங்கேயே போய்ப்போய் அப்படித் தோன்றுகிறதா, தெரியாது.

ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். மருமகனுக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் அவரிடம் இதை நீட்டுவேனா? பஸ்மியாவை இந்த நிலைமையில் பயப்படுத்த ஏலாது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறேன். டீச்சரிடம் மட்டும் காட்டுங்கள்.

உண்மையைச் சொன்னால், இந்த இத்தா எனக்கு ஒரு ஓய்வு. பதினெட்டு வயதிலிருந்து மற்றவர்களுக்காக எழும்பியபடியே இருக்கிறேன். இந்த நான்கு மாதமும் எங்கேயும் போ என்று என்னை யாரும் சொல்லமாட்டார்கள். ஒக்டோபருக்குப் பிறகு பார்க்கலாம். எங்கள் உம்மாவுக்கும் இப்படி ஒன்றும் இருக்கவில்லைதானே, அவ காய்ச்சலில் போனவ. அதனால் எனக்குப் பெரிய பயம் இல்லை.

பல்கீஸ்


கிண்ணியா
2025.08.14

அன்புத் தங்கச்சிக்கு,

டீச்சர் ரிப்போர்ட்டை இரண்டு தரம் வாசித்தார். மச்சான் பொய் சொல்லவில்லை, மேலே அவர் சொன்னதுதான் இருக்கிறது. ஆனால் கீழே இன்னும் நான்கு வரி இருக்கிறது. “லாபிர் மாமா, எனக்கு வார்த்தை விளங்குது, விஷயம் விளங்கல. இதை எழுதின இடத்துக்குத்தான் நீங்க போகணும்” என்றார்.

நேற்றுப் பட்டணத்துக்குப் போனேன். போகிறேன் என்று உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய்.

கிளினிக் வாசலில் நாற்பது பெண்கள். நான் போய்க் கடைசியில் நின்றேன். முன்னால் கதிரையில் இருந்த சல்லி ஊர்ப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“ஐயா, கண் கிளினிக் அங்கால.”

“கண்ணுக்கு இல்ல மகள். நெஞ்சுக்கு.”

“நெஞ்சுவலி எண்டால் மற்றக் கட்டடத்துக்குப் போங்கோ. கெதியாப் போங்கோ!”

“வலி இல்ல. தங்கச்சிட நெஞ்சு.”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சல்லிப் பெண் எழும்பித் தன் கதிரையைத் தந்தாள். மூன்று மணித்தியாலம் இருந்தேன். கால் மரத்துப் போனது. ஒவ்வொருத்தியும் ரிப்போர்ட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் அனுஷியா என்ற பிள்ளை. உன் பஸ்மியாவைவிடக் கொஞ்சம் கூட வயது இருக்கும்.

“ஐயா, அவவை விட்டிட்டு நீங்கள் ஏன் வந்தனீங்கள்?”

“அவ இத்தாவில இரிக்கா, டொக்டர்.”

அவர் பெருமூச்சு விட்டார். கோபம் இல்லை. அன்றைக்கு அவர் விட்ட எத்தனையாவது பெருமூச்சோ. பழைய பெட்டியில் தேடி உன் படத்தை எடுப்பித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இஞ்ச பாருங்கோ, கீழ நாலு வரியில எழுதியிருக்கிறது இதைத்தான். படத்தில கொழுப்பு கறுப்பாத் தெரியும். பால் சுரக்கிற பகுதியும் நாரும் வெள்ளையாத் தெரியும். இது ஆளுக்கு ஆள் வித்தியாசம். நாலு வகை எண்டு பிரிச்சு வைச்சிருக்கிறம். உங்கட தங்கச்சிட நாலாவது வகை, அடர்த்தி மெத்தக் கூட. கையால தடவி இதைக் கண்டுபிடிக்கேலாது, படத்திலதான் தெரியும். இது ஒரு வருத்தம் இல்லை.”

“கட்டி என்ன நிறத்தில தெரியும் டொக்டர்?”

“அதுவும் வெள்ளை.”

எனக்கு விளங்கிவிட்டது. “நிலாவெளி உப்பளத்தில உப்புக் குவியலுக்கு மேல கொக்கு நிண்டா தெரியாது. பறந்தாத்தான் தெரியும்” என்றேன்.

அவர் படத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “ஓம் ஐயா. ஆனா பறக்குமட்டும் பாத்துக்கொண்டு நிக்கேலாது. அதுக்குத்தான் ஸ்கான். அது சத்தத்தால பாக்கிறது. நசிக்கிறதும் இல்லை.”

அப்படியென்றால் முதல் படம் எதற்கு என்று கேட்டேன். சில நோய் சுண்ணாம்புப் பொட்டு மாதிரித்தான் தொடங்குமாம், அது ஸ்கானில் தெரியாது, அந்தப் படத்தில்தான் தெரியுமாம். ஒன்றுக்குப் பதில் மற்றது இல்லை, இரண்டும் வேண்டும் என்றார். கொழும்பில் இன்னும் பெரிய மெஷின் இருக்கிறதாமே என்றேன். “அது எல்லாருக்கும் தேவையில்லை. தேவை எண்டா நாங்களே எழுதுவம். ஆனா ஒண்டு, கையில கட்டி தட்டுப்படுற ஆள், படத்தில ஒண்டும் இல்லையெண்டு சும்மா இருக்கவே கூடாது. படம் சுத்தமா இருந்தாலும் அந்த இடத்தைப் பாத்தே ஆகவேணும்.”

பிறகு பேனாவை எடுத்து, “உங்கட குடும்பத்தில முந்தி ஆருக்கும் இருந்ததோ?” என்று கேட்டார்.

நான் யன்னலைப் பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே நாற்பது பேர் இருந்தும் காத்திருந்தார்.

2025.08.17

மேலே எழுதிவிட்டு மூன்று நாளாக இந்தத் தாளைத் தொடவில்லை.

பல்கீஸ், உம்மா காய்ச்சலில் போகவில்லை. இடப்பக்க நெஞ்சில் புண். நீ ஒன்பது வயது. உன்னைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தோம், வீட்டில் எந்நேரமும் சாம்பிராணி போட்டோம், அது ஏன் என்று நீ கேட்பாய். கடைசியில் நான்தான் அவவைத் தூக்கிப் போய் லாஞ்சில் படுக்க வைத்தேன். பட்டணத்தில் டொக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிட்டார். திரும்பி வரும்போது நடுக்கடலில் வைத்து உம்மா சொன்னா: “சின்னவளுக்குச் சொல்லாத. நாளைக்கு அவளக் கேட்டு வாரவங்க இதக் கேள்விப்பட்டா திரும்பிடுவாங்க.” அவவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

நான் வாக்குக் கொடுத்தேன். உன் கல்யாணத்தோடு அந்த வாக்கு முடிந்திருக்க வேண்டும். முடிந்ததை நான் கவனிக்கவில்லை. டொக்டரிடம் சொன்னேன். அவர் உடனே நாள் போட்டுத் தந்தார்: செப்டெம்பர் ஒன்பது, செவ்வாய், காலை எட்டு மணி. துண்டு இதோடு இருக்கிறது.

வரும் வழியில் மௌலவியிடம் கேட்டேன். “வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் பகல்ல போய் வரலாம், இரவைக்கு வீட்டுல இருந்தாச் சரி. இதைக் கேக்கவா இந்த வெயில்ல வந்தீங்க?” என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

லாபிர்


தோப்பூர்
2025.08.28

காக்கா,

தபால் வேலைநிறுத்தம் முடிந்து உங்கள் தடித்த கடிதம் நேற்றுத்தான் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நாற்பத்து மூன்று வருஷம். ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்பார்கள், உம்மா எதில் போனா என்று. காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லி எழுதுவித்தேன். என் வாயாலேயே என்னைப் பொய்க்காரியாக்கி வைத்திருந்தீர்கள். எழுதத் தெரியாது என்கிறீர்கள், சொல்லத் தெரியாதா?

அந்தச் சாம்பிராணி எனக்கு இன்றைக்கும் ஆகாது. எங்கே போட்டாலும் தலை சுற்றும். ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன?

எனக்குக் களைப்பாக இருக்கிறது. அவர் போன களைப்பே இன்னும் உடம்பில் இருக்கிறது. அதற்குள் உம்மாவையும் இரண்டாம் தரம் மௌத்தாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். நான் செப்டெம்பரில் எங்கேயும் வரவில்லை. மௌலவி சொன்னாலும் ஊர்ப் பெண்கள் வாய் மூடுவார்களா? புருஷன் மண் காயவில்லை, வாடகை வான் பிடித்துப் பட்டணம் போகிறாள் என்பார்கள். இத்தா முடியட்டும். அதுவரைக்கும் தாளால் என்னைத் துரத்தாதீர்கள்.

மாமி கதவடியில் நின்று, “காக்கா என்ன எழுதியிரிக்கார்? ஏன் அழுற?” என்று கேட்டபடி இருக்கிறா. ஒன்றுமில்லை என்றேன்.

பல்கீஸ்


கிண்ணியா
2025.09.01

பல்கீஸ்,

நீ எழுதியதெல்லாம் சரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கீழே இருப்பது உனக்கு எழுதியது இல்லை, உன் மாமி ஆமினா உம்மாவுக்கு எழுதியது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் கடிதம் வர, எழுத்துத் தெரியாத ஆள் கதவடியில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வரைக்கும் நான் நின்ற இடம் அது. அவவுக்கு வாசித்துக் காட்டு. ஒரு சொல்லும் விடாமல் வாசி.

மாமிக்கு ஸலாம். உங்கள் மருமகள் பல்கீஸின் நெஞ்சில் ஒரு கட்டி இருக்கிறது. எடுத்த படத்தில் தெரியவில்லை, அவளுடைய உடம்பு வாகு அப்படி. ஸ்கான் எடுத்தால் தெரியும் என்கிறார்கள். எங்கள் உம்மா இதே நோயில்தான் மௌத்தானா. நான் அதை மறைத்தேன். செப்டெம்பர் ஒன்பதாம் திகதிக்கு நாள் இருக்கிறது. பகலில் போய்ப் பகலில் வரலாம் என்று மௌலவி சொன்னார். உங்கள் மகன் இருந்தால் உங்களிடம் இதைக் கேட்டிருப்பார். அவர் இல்லாதபடியால் நான் கேட்கிறேன். அவளை அனுப்புங்கள்.

லாபிர்


தோப்பூர்
2025.09.11

காக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். தபால்காரனைக் கண்ட மாமி விடவில்லை. “எனக்கும் ஸலாம் சொல்லியிரிக்காரா?” என்றா. ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறகு வாசிக்காமல் இருக்க ஏலாதே.

மாமி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. வாசித்து முடியும்போது உரல் சத்தம் இல்லை.

“திரும்ப வாசி” என்றா. வாசித்தேன்.

“உங்கட உம்மாவ நான்தான் குளிப்பாட்டினன்” என்றா.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. மாமி நிலத்தைப் பார்த்தபடி சொன்னா: “மூதூர்ல அந்த நாளையில பொம்புள மையித்தெண்டா என்னத்தான் கூப்பிடுவாங்க. இடப்பக்கம். துணிய எடுக்காம மேலால தண்ணி ஊத்தினோம். மையித்துல கண்டத வெளியில சொல்லப்படா. அதால சொல்லல. உன்னப் பொண்ணு கேட்டு வந்த அண்டைக்கும் எனக்குத் தெரியும். எண்ட மகனுக்கும் சொல்லல.”

“தெரிஞ்சும் ஏன் மாமி என்ன எடுத்தீங்க?”

“உங்கட உம்மாட முகம் அமைதியா இருந்திச்சு. அந்த முகத்துப் புள்ள எண்டு எடுத்தன்.” வெற்றிலை உரலை ஓரமாகத் தள்ளினா. பிறகு சொன்னா: “எனக்கு எண்பத்திரண்டு வயசு. குனிய ஏலாது. உன்னக் குளிப்பாட்ட என்னால ஏலா, புள்ள. எழும்பு.”

காக்கா, நான் எழும்பினேன். ஊர்ப் பெண்கள், மண் காயவில்லை, எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வான் பிடித்துப் போனோம். மாமி என் பக்கத்தில் இருந்தா. தோப்பூர்ச் சந்தியில் வைத்து ஒருத்தி வானுக்குள் எட்டிப் பார்த்து, “என்ன ஆமினா உம்மா, இத்தாவில இருக்கிற புள்ளயக் கூட்டிக்கிட்டு?” என்றாள். மாமி சொன்ன பதிலை எழுத ஏலாது. டிரைவர் ஒரு மைல் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

ஸ்கான் எடுத்தவரும் ஒரு பெண் டொக்டர்தான். குளிரான ஒரு பசையைப் பூசி, சவர்க்காரக் கட்டி மாதிரி ஒன்றை வைத்து உருட்டினார். வலியே இல்லை. திரையில் எல்லாம் வெளிறிக் கிடந்தது. ஓரிடத்தில் கை நின்றது. அங்கே ஒன்று கறுப்பாக இருந்தது, ஓரம் சீராக இல்லை. எனக்கே தெரிந்தது. விறைக்க ஊசி போட்டு இன்னொரு ஊசியால் துணுக்கு எடுத்தார்கள். முடிவு வர இரண்டு கிழமை, பதினைந்து நாள் பிடிக்குமாம்.

பொழுதுபடுகிற மஃரிபுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி படுத்தவ மறுநாள் லுஹர் வரைக்கும் எழும்பவில்லை. அவ்வளவு களைப்பு.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் முந்தியைப்போல் லுஹர் வரைக்கும் போவதில்லை.

பல்கீஸ்


தோப்பூர்
2025.09.25

காக்காவுக்கு,

புற்றுநோய்தான். ஒன்றரை சென்டிமீற்றர். அக்குளுக்குப் பரவினதாக ஸ்கானில் தெரியவில்லை, வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார்கள். ஒக்டோபர் ஏழாம் திகதி ஒப்பரேஷன். கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் எடுப்பார்கள். அதன் பிறகு வேறு மருந்துகளும் இருக்கின்றன, அதை அப்போது சொல்வார்களாம்.

மே மாதத்துப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்களாம். இடம் தெரிந்து பார்த்தும் அதில் தெரியவில்லையாம். “இத்தா முடிஞ்சு வந்திருந்தா?” என்று கேட்டேன். “அதை ஏன் இப்ப கேக்கிறீங்கள், வந்திட்டீங்கள்தானே” என்றார் உங்கள் டொக்டர் அனுஷியா. உங்களை விசாரித்தார். கொக்கு ஐயா சுகமா என்றார்.

ஒப்பரேஷன் அன்றைக்கும் நான் இத்தாவில்தான் இருப்பேன். வார்ட்டில் இரவு தங்கவும் வேண்டும். மௌலவியிடம் மாமியே ஆள் அனுப்பிக் கேட்பித்தா. கட்டாயம் என்றால் தங்கலாம் என்றாராம்.

பஸ்மியாவுக்கு நானே சொன்னேன். என் நெஞ்சையும் சொன்னேன், உம்மாவின் நெஞ்சையும் சொன்னேன். அழுதாள். பிறகு, “உம்மா, எனக்கும் படத்துல தெரியாத மாதிரி இருக்குமா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது, காக்கா.

நித்திரை வருகிறது. பகலிலும் வருகிறது.

பல்கீஸ்


கிண்ணியா
2025.09.29

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஒரே இருப்பில் வாசித்துவிட்டேன். இவ்வளவு விரைவாக நான் வாசித்த முதல் கடிதம் இது. இந்தக் கெட்டிக்காரத்தனம் வேறொரு கடிதத்துக்கு வந்திருக்கலாம்.

நீ பஸ்மியாவுக்குச் சொன்னதை வாசித்ததும் எனக்கு றுமானாவின் நினைவு வந்தது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. உம்மாவின் பேத்தி, உன் மருமகள். அவளிடம் சொல்ல மூன்று நாள் முயன்றேன். குசினி வாசல் வரைக்கும் போவேன். “என்ன வாப்பா, தேத்தண்ணியா?” என்பாள். ஓம் என்பேன். மூன்று நாளில் எத்தனை தேத்தண்ணி குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் அவளுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு. சோற்றுப் பானை மூடிக்கு மேலே வைத்துவிட்டு, பள்ளிவாசலுக்குப் போகிறேன் என்று சொல்லி வாசல் படலையடியில் நின்றேன். அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் எழுதியிருக்கிறேன் என்பதை முதலில் நம்பவில்லை, அதற்கே அழுதாள். பிறகு படலையடியில் என் பக்கத்தில் நின்று, “பல்கீஸ் மாமிக்கு எத்தனையாம் திகதி?” என்று கேட்டாள். சொன்னேன். “எனக்கு எங்க போய்க் காட்டணும் வாப்பா?” என்றாள்.

நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எந்தப் படம், எந்த ஸ்கான், எதை முதலில் என்று அந்த டொக்டர் பிள்ளை சொல்லட்டும். அந்த வரிசையில் இருக்க எனக்கு இனி வெட்கம் இல்லை. கால்தான் வலிக்கும்.

ஏழாம் திகதி காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். உள்ளே விடமாட்டார்கள், ஆண்களுக்கு நேரம் பின்னேரம்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. நிற்பேன்.

நீ கண் திறந்ததும் களைப்பாக இருப்பாய், கதைக்க மனம் வராது. கதைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கடிதம் போகுமா என்று தபாற்கந்தோரில் விசாரித்தேன். வார்ட் நம்பரும் கட்டில் நம்பரும் போட்டால் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். நம்பர் கிடைத்ததும் பஸ்மியாவிடம் சொல்லியனுப்பு. அடுத்த கிழமைக் கடிதத்தை அந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

லாபிர் காக்கா